முன் சக்கரத்தைக் கழற்றியபின் பிரேக்கை ஏன் பிடிக்கக் கூடாது?

டிஸ்க் பிரேக் பைக்கில், சக்கரத்தோடு சுழலும் தட்டை, அதாவது டிஸ்க்கை, இரண்டு பக்கமும் கவ்வும் உலோகப் பெட்டிதான் காலிபர். லீவரை அமுக்கினால் பிரேக் ஆயில் காலிபருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பேடைத் தள்ளும், டிஸ்க் குறுக்கே இருப்பதால்தான் பேடு அங்கேயே நிற்கிறது. சக்கரத்தோடு டிஸ்க்கும் வெளியே வந்தபின் லீவரை அமுக்கினால் பேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மறுபடி டிஸ்க் நுழையாது. இடியாப்ப நாழியில் அமுக்கின கட்டை தானாக மேலே வருமா? அதே கதைதான்.

அதனால் கழற்றியதுமே பேடுகளுக்கு நடுவில் டிஸ்க் கனத்துக்கு மடித்த அட்டையைச் செருகிவிடுங்கள். அப்புறம், சக்கரத்தை மாட்டியபின் லீவர் கெட்டியாகும்வரை நாலைந்து தடவை அமுக்காமல் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள், முதல் அமுக்கில் பிரேக் பிடிக்காமலே போகலாம்.

பேடு ஒட்டினாலே பிரேக் போச்சு என்று பலர் பதறுகிறார்கள்; ஆயில் கசியாதவரை, பட்டையான மரத்துண்டால் மெல்ல விலக்கினால் பிஸ்டன் உள்ளே போய்விடும்.