ஸ்காட்லாந்தைச் சேராத ஆண்கள் கில்ட்டை (அந்நாட்டு ஆண்களின் மரபு உடையான, மடிப்புகள் வைத்த முழங்காலளவுப் பாவாடை) அன்றாட உடையாக அணியலாமா?

தாராளமாக அணியலாம், அதைத் தடுக்கும் சட்டமோ, குலத்தாரிடம் அனுமதி பெற வேண்டும் என்ற விதியோ ஸ்காட்லாந்திலேயே இல்லை. ஆனால் 1746இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கில்ட் உள்ளிட்ட ஸ்காட்லாந்து மலைநாட்டு உடையை ஆண்களுக்குத் தடைசெய்து, 1782இல்தான் அத்தடையை நீக்கியது என்ற வரலாறு இதற்கு இருப்பதால், கேலிக்கூத்துக்காக அணிவதை மட்டும் நான் தவறு என்பேன். ஒரு ஸ்காட்டிஷ் குலத்தின் அடையாளமான கட்டம் போட்ட துணியை அணியத் தயக்கமிருந்தால், பலரும் அணியும், கருநீலமும் கரும்பச்சையும் கலந்த பிளாக் வாட்ச் கட்டத்தையோ ஒற்றை நிறத் துணியையோ தேர்ந்தெடுக்கலாம்.

ஏறத்தாழ 8 கெஜம் கம்பளித் துணியில் தைக்கப்படும் மரபுவழிக் கில்ட் கனமானது, விலையும் அதிகம். ஆகவே தினசரிப் புழக்கத்துக்கு, சியாட்டில் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட யூட்டிலிகில்ட்ஸ் நிறுவனம் தைப்பதைப் போன்ற, பைகள் வைத்த பருத்திக் கில்ட்டே வசதியானது என்பது என் கருத்து. மரபுவழிக் கில்ட்டை அணியும்போது மடிப்புகள் பின்புறமும், தட்டையான பகுதி முன்புறமும் வந்து, மேலே படியும் முன்பகுதியின் ஓரம் வலப்பக்கம் அமைய வேண்டும். கீழ்விளிம்பு முழங்காலளவில் நிற்பது அழகு. சாதாரண சட்டையும் உறுதியான பூட்ஸும் போதும்; திருமண விழாவுக்குரிய கோட்டும் அலங்காரப் பையும் தேவையில்லை. உட்காரும்போது பின்மடிப்புகளைக் கையால் நீவிவிட்டு, முன்பகுதி கால்களுக்கு நடுவே தாழ்ந்திருக்கும்படி அமர்ந்தால் சங்கடம் நேராது.