பழைய காலத்து ரோஜாவுக்கும் நர்சரியில் விற்கும் ரோஜாவுக்கும் என்ன வித்தியாசம்?

இதைக் கேட்கிறவர் பெரும்பாலும் நர்சரியில் காசு கொடுத்து ஒரு செடி வாங்கி, முதல் பூவை மூக்கருகே கொண்டுபோய், வாசனையே இல்லாமல் ஏமாந்தவராகத்தான் இருப்பார். நீங்களும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் புத்தகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1867-இல் பிரான்சின் லியோன் நகரில் லா பிரான்ஸ் என்று ஒரு ரோஜா வந்தது. ஹைப்ரிட் டீ வகையில், அதாவது டீ ரோஜாவைக் கலப்புச் செய்து உண்டாக்கிய வகையில், முதலாவது அதுதான் என்பார்கள். அதற்கு முன்பே இருந்த காலிகா, டமாஸ்க், ஆல்பா, சைனா, போர்போன் மாதிரியான குடும்பங்கள்தான் பழைய தோட்ட ரோஜாக்கள். இன்று கடையில் நீளக் காம்பும் கூரான மொட்டுமாக நிற்பவற்றில் பெரும்பாலானவை ஹைப்ரிட் டீ வழி வந்தவை.

பழையதில் பூ கொஞ்சம் தட்டையாக விரியும், உள்ளே இதழ்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும், காம்பு குட்டை, தலை தொங்கும், பறித்தால் சீக்கிரம் உதிர்ந்துவிடும். பூச்சாடிக்கு லாயக்கில்லை. ஆனால் வாசனை தூக்கும். பல வகைகள் குச்சி வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும், வேறொரு ரோஜாவின் வேர்ச்செடி மேல் ஒட்டுக் கட்ட வேண்டாம். காலிகா, ஆல்பா எல்லாம் வருடத்துக்கு ஒரே ஒரு பருவம்தான் பூக்கும், குளிரும் வேண்டும், அதனால் படத்தைப் பார்த்து மயங்கி நம் சமவெளிக்கு வரவழைக்காதீர்கள். நமக்கு சைனாவும் போர்போனும்தான் சரி. போர்போன் என்பது இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவில் சைனா ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் தானாகக் கலந்து பிறந்தது. நம் ஊர் எட்வர்ட் ரோஸ் அந்தக் குடும்பம்தான். பன்னீர் ரோஸ் என்று நம் பக்கம் விற்பது எல்லாம் ஒரே செடி இல்லை, அதில் இதுவும் ஒன்று.

சரி, என் கதை. திருச்சியில் எங்கள் அடுக்குமாடி மொட்டைமாடியில் ஒரு மஞ்சள் ஒட்டு ரோஜா வைத்திருந்தேன். ஒரு சித்திரை வெயிலில் மேல்பகுதி மொத்தமும் காய்ந்துபோனது. கொஞ்ச நாளில் ஒட்டுக்குக் கீழிருந்து ஒரு குருத்து முட்டிக்கொண்டு வந்தது, இலையும் முள்ளும் வேறு மாதிரி. என் நாத்தனார், கீழ்வீட்டு மாமா, செடி விற்றவர், எல்லாரும் "அது காட்டுக் குருத்து, பிடுங்கிப் போடு" என்றார்கள். நான் கேட்கவில்லை. திமிர் என்றார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். அது பூத்தபோது நல்ல ரோஸ் நிறம், படிக்கட்டு வரைக்கும் வாசனை. அடிச்செடி எட்வர்ட் ரோஸ்! அதே நாத்தனார்தான் இப்போது வரும்போதெல்லாம் தலைக்கு ஒரு பூ கேட்கிறார்.

உடனே சண்டைக்கு வராதீர்கள். எல்லா அடிச்செடியும் எட்வர்ட் இல்லை என்று எனக்கும் தெரியும், மல்டிஃப்ளோரா என்ற காட்டு ரோஜாவாக இருந்தால் சின்னச் சின்ன வெள்ளைப் பூதான் கொத்தாக வரும். மேலே ஒட்டு உயிரோடு இருந்தால் கீழ்க்குருத்தை எடுக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அது சத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு மேல்செடியைக் கொன்றுவிடும். நான் சொல்வது மேல்பகுதி செத்துப்போன செடிக்கு மட்டும்.



நீங்கள் நர்சரிக்குப் போனால் பன்னீர் ரோஸ் என்று மட்டும் கேட்காதீர்கள், எதையாவது தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். ஒட்டு இல்லாமல் குச்சியில் வந்த செடி என்று கேளுங்கள், பூவோடு இருப்பதாகப் பார்த்து, முகர்ந்துவிட்டுக் காசு கொடுங்கள்.