குடும்பத்தில் யாருக்கும் இல்லாத டூஷென் தசைச்சிதைவு அக்கா மகனுக்கு மட்டும் எப்படி வந்தது?

அல்சூரிலிருந்து கேட்டிருக்கும் தங்கைக்கு,

டிஸ்ட்ரோபின் என்ற புரதம்தான் தசைநார் சுருங்கி விரியும்போது அதன் உறை கிழியாமல் காக்கிறது. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது பழுதாகி அந்தப் புரதம் இல்லாமல் போவதால்தான் தசைகள் சிதையும் இந்நோய் வருகிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் மற்றது சமாளித்துவிடும். பையனுக்கு ஒன்றுதான். அதனால் அந்தப் பழுது பெண்கள் வழியே தலைமுறை தலைமுறையாக வெளியே தெரியாமலே வந்திருக்கலாம். இந்நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளைக்கு இந்த மரபணுப் பிழை புதிதாகவே உண்டாகிறது. எப்படியானாலும் அக்காவைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி ஏறுகிறான் என்றீர்களே, இந்நோயில் அடிக்கடி காணும் அறிகுறி அது. ரத்தத்தில் சி.கே. (தசை சிதையும்போது கூடும் நொதி) பார்த்ததோடு நிற்காமல் மரபணுப் பரிசோதனையும் செய்யுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கான மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஸ்டீராய்டு நோயைக் குணமாக்காது, ஆனால் நடக்கும் காலத்தை நீட்டிக்கும். இதயத்துக்கு வருடாவருடம் எக்கோ ஸ்கேன் அவசியம். அப்புறம், அக்காவிடம் அந்தப் பிழை இருப்பது உறுதியானால் நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.