ஸ்தோத்திரம் சொல்ல வாய் வராதபோது

அன்புச் சகோதரி, கணவருக்கு வேலை போனபின் குடும்ப ஜெபத்தில் ஸ்தோத்திரம் சொல்வது பொய்யாகத் தோன்றுகிறது என்று எழுதியிருந்தீர்கள். வேலை போனதற்காக நன்றி சொல்லும்படி வேதம் உங்களை வற்புறுத்தவில்லை. வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களில், 13ஆம் சங்கீதத்தில் தாவீது ராஜா ‘எதுவரைக்கும்’ என்று நான்கு முறை முறையிட்ட பிறகுதான் பாடுகிறான். 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிந்துவிடுகிறது, அதுவும் ஜெபம்தான். எனவே முதலில் அழுது தீர்த்துவிடுங்கள், கர்த்தர் கோபிக்கமாட்டார்.

பிறகு ஒன்றே ஒன்றைப் பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். பக்கத்து வீட்டு அக்கா கேட்காமலே ஒரு படி அரிசி கொடுத்தார் என்றீர்களே, அந்த அரிசிக்காக, அந்த அக்காவுக்காக. ‘எல்லா நன்மைகளுக்கும் ஸ்தோத்திரம்’ என்று மொத்தமாகச் சொல்வதைவிட இது மனதில் ஆழமாக இறங்கும். கணவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் கட்டாயப்படுத்த வேண்டாம். அவருக்கும் சேர்த்து நீங்களே சொல்லுங்கள்.