வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்: உக்ரைன் படையெடுப்பும் உலக நாடுகளின் எதிர்வினையும்

கேள்வி: ஒரு நாட்டின் படை எல்லை தாண்டி அண்டை நாட்டுக்குள் நுழைவது அப்பட்டமான சட்டமீறல். ஐ.நா. சபையால் அதை ஏன் தடுக்க இயலவில்லை?
– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், கோவை

பதில்: 2022 பிப்ரவரி 23ஆம் தேதி இரவு நியூயார்க்கில் பாதுகாப்பு சபை அவசரமாகக் கூடியிருந்தது. படையெடுக்க வேண்டாம் என்று உறுப்பினர்கள் ஒருவர்பின் ஒருவராக வேண்டிக்கொண்டிருந்த வேளையிலேயே ரஷ்ய அதிபர் புதினின் அறிவிப்பு ஒளிபரப்பாகி, உக்ரைன் நகரங்களின்மீது தாக்குதல் தொடங்கியது. அக்கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் ரஷ்யத் தூதர். அந்த மாதத்தின் சுழற்சித் தலைமை அந்நாட்டுக்கு வந்திருந்தது. இரண்டு நாள் கழித்துக் கண்டனத் தீர்மானம் வந்தபோது 11 நாடுகள் ஆதரித்தன. இந்தியா, சீனா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்றும் வாக்களிக்காமல் விலகின. நிரந்தர உறுப்பு நாடுகளுக்கு மட்டும் உள்ள தடுப்பு வாக்கான வீட்டோவால் ரஷ்யா ஒன்றே தீர்மானத்தை வீழ்த்தியது. நிரந்தர உறுப்பு நாடே குற்றவாளியாக நிற்கும்போது அதன்மீது படைபலத்தைப் பயன்படுத்த ஐ.நா. சாசனத்தில் வழி வைக்கப்படவில்லை என்பதுதான் தங்கள் கேள்விக்கான நேரடி விடை.

ஆயினும் கதை அங்கே முடிந்துவிடவில்லை. நடைமுறை சார்ந்த வாக்கெடுப்பில் வீட்டோ செல்லாது. அந்த வழியைப் பயன்படுத்தி, பாதுகாப்பு சபை நாற்பது ஆண்டுகளில் முதன்முறையாகப் பொதுச் சபையின் அவசரச் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டியது. மார்ச் 2ஆம் தேதி 141 நாடுகள் படையெடுப்பைக் கண்டித்தன. எதிர்த்தவை ரஷ்யா, பெலாரஸ், வட கொரியா, எரித்திரியா, சிரியா என ஐந்தே. 35 நாடுகள் விலகி நின்றன. பொதுச் சபைத் தீர்மானம் யாரையும் கட்டாயப்படுத்தாது என்பது உண்மை. எனினும் அதை வெறும் காகிதம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆக்கிரமித்த நிலத்தைத் தன்னுடையது என்று ரஷ்யா அறிவித்தபோது, அதை ஏற்க மறுத்து அதே சபையில் அக்டோபர் மாதம் 143 நாடுகள் வாக்களித்தன. எல்லையை வாளால் திருத்த முடியாது என்ற விதி மீறப்பட்டிருக்கிறதே ஒழிய, உலகம் அதைக் கைவிட்டுவிடவில்லை.

கேள்வி: நேட்டோ நாடுகள் ஆயுதங்களை மட்டும் கொடுத்துவிட்டு ஏன் ஒதுங்கி நிற்கின்றன? ஆயுதம் கொடுப்பதே போரில் இறங்குவதாகாதா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தாக்கப்பட்ட நாடு தனியாகவோ பிறருடன் சேர்ந்தோ தன்னைக் காத்துக்கொள்ளலாம் என்கிறது ஐ.நா. சாசனத்தின் 51ஆம் பிரிவு. ஆகவே உக்ரைனுக்கு ஆயுதம் கொடுப்பது சட்டத்துக்கு உட்பட்டது. படையெடுத்தவனையும் அவனைத் தடுக்க உதவுபவனையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது.

மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவின் ஒப்பந்தத்திலுள்ள 5ஆம் பிரிவு உறுப்பு நாடுகளை மட்டுமே காக்கக் கடமைப்பட்டது. உக்ரைன் உறுப்பினர் அல்ல. போரின் தொடக்கத்தில் உக்ரைன் வானை விமானம் பறக்கத் தடைசெய்யப்பட்ட பகுதியாக அறிவிக்குமாறு தலைநகர் கீவிலுள்ள அரசு மன்றாடியது. அப்படி அறிவித்தால் மீறிப் பறக்கும் ரஷ்ய விமானத்தைச் சுட வேண்டும்; சுடும் விமானத்தைக் காக்க ரஷ்ய மண்ணிலுள்ள ரேடார்களையும் ஏவுகணைத் தளங்களையும் அழிக்க வேண்டும். அது இரு அணுஆயுதத் தரப்புகளின் நேரடிப் போர். நேட்டோ அதற்கு மறுத்ததைக் கொடுமை என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் கொடுக்க முடிந்ததையும் காலம் தாழ்த்திக் கொடுத்ததை நான் ஏற்கவில்லை. படையெடுப்புக்குச் சில வாரங்கள் முன்பு ஜெர்மனி தருவதாகச் சொன்னது 5,000 தலைக்கவசங்கள். போர் தொடங்கி மூன்று நாள் கழிந்ததுமே அதே ஜெர்மனி தன் ராணுவத்துக்கென 100 பில்லியன் யூரோ நிதியை அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் தன் வரலாற்றில் முதன்முறையாக, போரில் இருக்கும் ஒரு நாட்டுக்கு ஆயுதம் வாங்க நிதி ஒதுக்கியது. அந்த வேகம் நீடிக்கவில்லை. ஒவ்வோர் ஆயுதத்தையும் முதலில் மறுத்து, பின்னர் மாதக்கணக்கில் விவாதித்து, முடிவில் கொடுப்பதே வழக்கமாயிற்று: ஹைமார்ஸ் ராக்கெட் ஏவிகள் 2022 ஜூனில் வந்தன, லெப்பர்டு டாங்கிகளுக்கான ஒப்புதல் 2023 ஜனவரியில்தான் கிடைத்தது, எஃப்-16 விமானங்கள் 2024 கோடையில் வந்துசேர்ந்தன. இந்த இடைவெளியில் ரஷ்யா தெற்கே சபோரிஷியா பகுதியில் பதுங்குகுழிகளையும், டாங்கிகளை மறிக்கும் கான்கிரீட் கூம்புகளையும், கண்ணுக்கெட்டிய தூரம்வரை கண்ணிவெடிகளையும் வரிசை வரிசையாக அமைத்துவிட்டது. 2023 கோடையில் உக்ரைன் தொடுத்த எதிர்த்தாக்குதல் அந்த வயல்வெளிகளில்தான் முடங்கியது. குண்டுகளின் கதையும் அதுவே. 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு ஒன்றின் எடை ஏறத்தாழ 45 கிலோ. ஒரு வீரர் மார்போடு அணைத்துத்தான் தூக்க வேண்டும். 2024 மார்ச்சுக்குள் பத்து லட்சம் குண்டுகள் தருவதாக ஐரோப்பிய ஒன்றியம் வாக்களித்தது. கெடு முடிந்தபோது சென்று சேர்ந்தது பாதியைச் சற்றே தாண்டிய அளவுதான். குறைந்த ஒவ்வொரு குண்டுக்கும் அங்கே பதுங்குகுழியில் யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார்.

கேள்வி: ரஷ்யாவின் மற்ற அண்டை நாடுகள் என்ன செய்தன?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ரஷ்யாவுடன் 1,300 கிலோமீட்டருக்கும் அதிகமான எல்லை கொண்ட பின்லாந்து பல பத்தாண்டுகளாகக் கடைப்பிடித்த அணிசேராமையை விட்டு, 2023 ஏப்ரலில் நேட்டோவில் சேர்ந்தது, அடுத்த ஆண்டு சுவீடனும் சேர்ந்தது. போலந்து பல லட்சம் அகதிகளுக்குக் கதவைத் திறந்ததோடு, ஆயுதங்கள் செல்லும் முக்கிய வழியாகவும் ஆனது.

கருங்கடலுக்கு அப்பால் இருக்கும் துருக்கியின் நடத்தை தனித்துப் பேச வேண்டியது. 1936ஆம் ஆண்டு மோந்த்ரே உடன்படிக்கை தந்த அதிகாரத்தைக் கொண்டு கருங்கடலுக்குச் செல்லும் தன் நீரிணைகளைப் போர்க்கப்பல்களுக்கு மூடியது; அதே வேளை இரு தரப்புடனும் பேச்சை முறிக்கவில்லை. அதன் பயனாக 2022 ஜூலையில் ஐ.நா.வும் துருக்கியும் சேர்ந்து, உக்ரைன் தானியம் கருங்கடல் வழியே வெளியேறுவதற்கான உடன்பாட்டை உருவாக்கின. ஆகஸ்ட் 1 அன்று 26,000 டன்னுக்கும் மேற்பட்ட மக்காச்சோளத்துடன் ரசோனி என்ற கப்பல் உக்ரைனின் ஒடெசா துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. இஸ்தான்புல் அருகே அதில் ஏறிச் சரக்கறைகளைச் சோதித்த குழுவில் ரஷ்யர், உக்ரைனியர், துருக்கியர், ஐ.நா. அலுவலர் என நான்கு தரப்பினரும் இருந்தனர். போர்முனையில் ஒருவரையொருவர் கொல்லும் இரு நாட்டினர், ஒரே கப்பலின் தளத்தில் நின்று ஒரே சோளக்குவியலைப் பார்த்தார்கள். 2023 ஜூலையில் ரஷ்யா விலகும்வரை ஏறத்தாழ 330 லட்சம் டன் தானியமும் உணவுப்பொருளும் அவ்வழியே சென்றன. சூரியகாந்தி எண்ணெய்க்குப் பெரிதும் உக்ரைனை நம்பியிருந்த நம் நாட்டுச் சமையலறைகளும் அந்தக் கடல்வழியோடு தொடர்புடையவையே.

கேள்வி: 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியைக் கூட்டியபோது எங்கள் பனியன் கம்பெனியில் ஆர்டர்கள் நின்றுபோயின. எங்கோ நடக்கும் போருக்கு நாங்கள் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?
– தையல் தொழிலாளி, திருப்பூர்

பதில்: தங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது. ரஷ்ய எண்ணெயை இந்தியா வாங்குவதைக் காரணம் காட்டி 25 சதவீதக் கூடுதல் வரி விதிக்கப்பட்டு, மொத்த வரி 50 சதவீதமானது. போருக்கு முன் நம் இறக்குமதியில் மிகச் சிறிய பங்காயிருந்த ரஷ்ய எண்ணெய், பிறகு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. ரஷ்ய எண்ணெய் விலைக்குப் பீப்பாய்க்கு 60 டாலர் என உச்சவரம்பு வைத்த மேற்கு நாடுகளின் நோக்கமும், ரஷ்யாவின் வருவாய் குறைய வேண்டும், ஆனால் எண்ணெய் சந்தைக்கு வராமல் போகக் கூடாது என்பதே. அப்படியிருக்க, எண்ணெயோடு சம்பந்தமே இல்லாத தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தவரின் கூலியில் கைவைத்தது தவறு.

இந்திய அரசின் நிலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆயுதங்களுக்கு ரஷ்யாவைச் சார்ந்திருந்ததும், கார்கிவ், சுமி நகரங்களில் நம் மருத்துவ மாணவர்கள் சிக்கியிருந்ததும் தொடக்கத்தில் வாக்களிக்காமல் விலகியதற்குப் புரிந்துகொள்ளத்தக்க காரணங்கள். 2022 செப்டம்பரில் சமர்கந்தில் புதினின் முகத்துக்கு நேரே இது போருக்கான காலம் அல்ல என்று பிரதமர் மோடி சொன்னார். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஏற்ற வாக்கைப் பொதுச் சபையில் இந்தியா அளிக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தமே.

கேள்வி: போர்நிறுத்தப் பேச்சில் 'பாதுகாப்பு உத்தரவாதம்' என்ற சொல்லை உக்ரைன் ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறது?
– வழக்கறிஞர், திருநெல்வேலி

பதில்: சோவியத் ஒன்றியம் கலைந்தபோது உலகின் மூன்றாவது பெரிய அணுஆயுதக் குவியல் உக்ரைன் மண்ணில் இருந்தது. 1994 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்ட் நகரில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய மூன்றும் உக்ரைனின் எல்லைகளை மதிப்பதாகக் கையெழுத்திட, உக்ரைன் அந்த ஆயுதங்களை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்த ஆவணத்தின் ஆங்கில வடிவில் இருந்த சொல் 'உறுதிமொழி'. 'உத்தரவாதம்' என்ற சொல்லைத் திட்டமிட்டே தவிர்த்திருந்தார்கள். உறுதிமொழி மீறப்பட்டால் பாதுகாப்பு சபையை நாடலாம், கையெழுத்திட்டவர்கள் கலந்து பேசலாம்; அதற்குமேல் யாரும் எதையும் செய்யக் கடமைப்படவில்லை. கையெழுத்திட்ட அந்த மூன்றில் ஒன்றான ரஷ்யாவே 2014இல் உக்ரைனின் கிரீமியாவை எடுத்துக்கொண்டது. தாங்கள் வழக்கறிஞர், அடமானம் இல்லாத கடன்பத்திரத்துக்கும் அடமானம் உள்ளதற்கும் உள்ள வேறுபாட்டைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மீண்டும் தாக்கப்பட்டால் எந்த நாடு, எத்தனை படையுடன், எத்தனை நாளில் வந்து நிற்கும் என்பதை இம்முறை எழுத்தில் கேட்கிறார்கள்.