மாலையில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் 270: ஊசி போடலாமா?

பாலுறவு ஆசை குறைந்துவிட்டது, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 270 என்று வந்திருக்கு, அதை ஊசியாகப் போட்டுக்கலாமா என்று கேட்டிருக்கீங்க. இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து ஊசி ஆரம்பிக்காதீங்க. மாலை 4 மணிக்கு, சாப்பிட்ட பிறகு கொடுத்த ரத்தம் அது. இந்த ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். சாப்பாடும் அளவை இறக்கும்.

காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாளில் எடுங்க. காய்ச்சலோ தூக்கமில்லாத இரவோ என்றால் தள்ளிப்போடுங்க. இரண்டுமே 300 நானோகிராம்/டெசிலிட்டருக்குக் கீழே வந்தால் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் இரண்டு ஹார்மோன்களைப் பார்க்கணும்: எல்ஹெச் (விரையை டெஸ்டோஸ்டிரோன் சுரக்கத் தூண்டுவது), புரோலாக்டின். எல்ஹெச் ஏறாமலே இருந்தால் கோளாறு விரையில் இல்லை, பிட்யூட்டரி பக்கம்.

ஆசை குறைந்ததற்கு நீங்க சாப்பிடும் எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு, பதற்ற மாத்திரையே காரணமாக இருக்கலாம், அதில் இது சகஜம். நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேளுங்க.

குழந்தைக்கு முயற்சி செய்வதாகக் கடைசி வரியில் போட்டிருக்கீங்க. டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியதே அதுதான்: வெளியிலிருந்து ஏற்றும் டெஸ்டோஸ்டிரோன் விந்தணு உற்பத்தியை அமுக்கிவிடும், சிலருக்குப் பூஜ்யம் வரை.