கடை அலமாரியில் நச்சு: வாங்கும் இடத்திலேயே நிறுத்துவது எப்படி? (கேள்வி பதில்)

பெரிய சில்லறைக் கடைகளின் கொள்முதல் பிரிவில் 14 ஆண்டுகள் வேலை பார்த்தேன். சரக்கில் கூடாத வேதிப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பொறுப்பு. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மேடம், கடைக்காரர் வாங்கி விற்பவர்தானே? உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது தயாரிப்பவர் பொறுப்பு இல்லையா?

அவர் பொறுப்பும்தான். ஆனால் ஆர்டர் போடுபவர் கடைக்காரர். "இது இருந்தால் வாங்க மாட்டேன்" என்று அவர் சொன்னால், சட்டம் வரும்வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய பெயிண்டைச் சுரண்டி எடுக்க உதவும் பெயிண்ட் ரிமூவர்களில் மெத்திலீன் குளோரைடு இருந்தது. காற்றோட்டம் இல்லாத குளியலறையில் அதை வைத்து வேலை செய்தவர்கள் பலர் ஆவியைச் சுவாசித்து அங்கேயே இறந்திருக்கிறார்கள். அரசு 2017 ஜனவரியில் தடையை முன்மொழிந்தது, பிறகு இழுத்தடித்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் கடைகளின் கதவைத் தட்டின. 2018 மே மாதம் வீடு கட்டும், பழுதுபார்க்கும் சாமான்கள் விற்கும் பெரிய கடைத்தொடரான லோவ்ஸ், அந்த ஆண்டு முடிவுக்குள் விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தது. ஹோம் டிப்போ, வால்மார்ட் போன்றவையும் பின்னாலேயே வந்தன. வீட்டு உபயோகத்துக்கான அரசுத் தடை 2019 மார்ச்சில்தான் வந்தது. கடைகள் முந்திக்கொண்டன. அந்தச் சில மாதங்களில் தப்பிய உயிர் ஒன்றாக இருந்தாலும் பெரிதுதான்.

கேள்வி: தடைப் பட்டியல் என்கிறார்களே, அதில் என்ன இருக்கும்?

இரண்டு வகைப் பட்டியல் உண்டு. ஒன்று, கைக்கு வரும் பொருளில் எது எவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது. இன்னொன்று, தொழிற்சாலைக்குள்ளேயே எதைப் பயன்படுத்தக் கூடாது என்பது. இந்த இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். துணி அலசப் பயன்படும் நோனைல்பீனால் எத்தாக்சிலேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். துணியில் கொஞ்சம்தான் மிஞ்சும், மீதி ஆற்றுக்குப் போய்விடும். சட்டையை மட்டும் சோதித்தால் சுத்தமாகவே தெரியும். ஆற்றைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இரண்டாவது பட்டியல் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: சப்ளையர் "எதுவும் இல்லை" என்று கடிதம் கொடுத்துவிட்டால் போதுமா?

போதாது. நான் பட்டே தெரிந்துகொண்டேன். குழந்தைகளுக்கான மெத்தென்ற பிளாஸ்டிக் பை ஒன்று. கடிதம் இருந்தது, முதல் மாதிரியும் சோதனையில் தேறியது. சில மாதம் கழித்து அலமாரியிலிருந்தே ஒன்றை எடுத்து அனுப்பினோம். பிளாஸ்டிக்கை இளக்கும் தாலேட் வரம்பைத் தாண்டியிருந்தது. சப்ளையர் பொய் சொல்லவில்லை. அவருக்குப் பிளாஸ்டிக் ஷீட் கொடுத்தவர் இடையில் மூலப்பொருளை மாற்றியிருந்தார், இவருக்குத் தெரியவே இல்லை. முதல் மாதிரியோடு நிறுத்தியது என் தவறு. எத்தனை பிள்ளைகள் கையில் அது போயிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

அதற்குப் பிறகு ஒப்பந்தத்திலேயே இரண்டு வரி சேர்த்தோம்: மூலப்பொருள் மாறினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், எந்த லாட்டிலிருந்தும் நாங்கள் எடுத்துச் சோதிப்போம். எக்ஸ்ரே பாய்ச்சி என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும், கையில் பிடிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி ஈயம், காட்மியம், புரோமின், குளோரின் ஆகியவற்றைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். தாலேட்டை அது நேரடியாகக் காட்டாது. ஆனால் மெத்தென்ற பொருளில் குளோரின் நிறைய தெரிந்தால் அது பிவிசி, அதாவது பெரும்பாலும் தாலேட் சேர்த்து மெத்தென்று ஆக்கும் பிளாஸ்டிக், என்று சந்தேகிக்கலாம். சரி, அதை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். செலவு வெகுவாகக் குறையும்.

கேள்வி: அக்கா, "பிபிஏ இல்லை" என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. எனக்கு ரொம்பக் கோபம் வரும் இடம் இது. பில் அடிக்கும் வெப்பத்தாளில் பிஸ்பீனால் ஏ என்கிற பிபிஏ இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பல உற்பத்தியாளர்கள் பிஸ்பீனால் எஸ்ஸுக்கு மாறினார்கள். அது அதே குடும்பம், ஹார்மோனைக் குழப்புவதிலும் ஏறக்குறைய அதே குணம். ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் வெப்பத்தாளில் பிபிஏவை 0.02 சதவீதத்துக்குக் கீழே கட்டுப்படுத்தியது. அண்ணனை வெளியே தள்ளியாயிற்று, தம்பி உள்ளே வந்துவிட்டான்.

அதனால் ஒவ்வொன்றாகத் தடை செய்யாமல் குடும்பத்தோடு தடை செய்ய வேண்டும் என்பதுதான் என் கட்சி. எண்ணெயும் நீரும் ஒட்டாமல் இருக்கச் சேர்க்கும் பிஃபாஸ் வகையில் ஆயிரக்கணக்கான சேர்மங்கள் உண்டு. லேசில் சிதையாமல் மண்ணிலும் நீரிலும் தங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் தேடிக்கொண்டிருந்தால் ஒரு ஆயுள் போதாது. வீட்டுச் சாமான் விற்கும் ஐகியா தன் துணிப் பொருள்களில் பிஃபாஸ் வகை முழுவதையும் 2016-லேயே விலக்கியது. ஹோம் டிப்போவும் லோவ்ஸும் பிஃபாஸ் போட்ட கார்பெட்டுகளை வாங்குவதை நிறுத்துவதாக 2019-இல் அறிவித்தன.

கேள்வி: "தீங்கான வேதிப்பொருள்களை 95 சதவீதம் குறைத்துவிட்டோம்" என்று பெரிய நிறுவனங்கள் சொல்வதை நம்பலாமா?

வால்மார்ட் 2016-இல் அப்படி அறிவித்தது. ஃபார்மால்டிஹைடு, டொலுவீன், டிரைக்ளோசான் உட்பட எட்டுப் பொருள்களின் பெயரையும் வெளியிட்டது. பெயரைச் சொன்னதே நல்ல விஷயம். ஆனால் அது எடைக் கணக்கு. டன் கணக்கில் விற்கும் சில பொருள்களின் சேர்மானத்தை மாற்றினாலே எடை மளமளவென்று இறங்கும். சின்னச் சின்ன டப்பாக்கள் அப்படியே இருக்கலாம். "எத்தனை பொருள்களிலிருந்து நீக்கினீர்கள்?" என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: என்னுடையது சின்னக் கடை. ஆய்வகத்துக்கெல்லாம் பணம் இல்லை.

ஒரே ஒரு வகையில் தொடங்குங்கள். குழந்தைப் பொருள் என்றால் நல்லது. சேர்மானப் பட்டியல் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். "நறுமணம்" என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் பல சேர்மங்கள் ஒளிந்திருக்கும், அதைப் பிரித்துக் கேளுங்கள். துணிக்கு, தீங்கான வேதிப்பொருள் இருக்கிறதா என்று சோதித்துத் தரும் ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 போன்ற முத்திரை உதவும். முத்திரை எண்ணை அந்த அமைப்பின் தளத்தில் சரிபார்க்க வேண்டும், போலிகள் உண்டு. அப்புறம், பக்கத்துக் கடைக்காரர்களோடு சேர்ந்து கேளுங்கள். பத்துக் கடை ஒரே கேள்வியைக் கேட்டால் மொத்த வியாபாரி பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கேள்வி: வாடிக்கையாளர் ஒருவர் கேட்டால் ஏதாவது நடக்குமா?

நடக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது சட்ட உரிமையே. மிகுந்த கவலைக்குரியவை என்று பட்டியலிட்ட வேதிப்பொருள் ஏதாவது 0.1 சதவீதத்துக்கு மேல் இருந்தால், கேட்டவருக்குக் கடைக்காரர் 45 நாள்களுக்குள் இலவசமாகத் தெரிவிக்க வேண்டும். உரிமை இல்லாத இடத்திலும் கேள்வி வீணாகாது. எங்களுக்கு வந்த ஒவ்வொரு கடிதமும் கொள்முதல் கூட்டத்தில் எண்ணப்பட்டது.

டென்மார்க்கின் கூப் கடைகள் 2015-இல் மைக்ரோவேவ் பாப்கார்னை அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டன, பையில் பிஃபாஸ் வகை ஃபுளோரின் சேர்மங்கள் இருந்த காரணத்தால். மாற்றுப் பை கிடைத்த பிறகுதான் திரும்ப வைத்தார்கள். 2020 ஜூலையில் அந்த நாடு உணவு வைக்கும் காகிதத்திலும் அட்டையிலும் பிஃபாஸுக்கே தடை போட்டது.

கேள்வி: மறுசுழற்சி பிளாஸ்டிக் நல்லதுதானே?

எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் நல்லது. பழைய டிவி, கணினி உறைகளிலிருந்த புரோமின் கலந்த தீத்தடுப்பான்கள் கறுப்பு பிளாஸ்டிக் கரண்டியிலும் பொம்மையிலும் வந்து நின்றிருக்கின்றன. கறுப்பு நிறச் சமையல் கருவிகளை எக்ஸ்ஆர்எஃப் பார்க்காமல் நான் விட்டதில்லை.

கேள்வி: நிறுத்திய சரக்கு எங்கே போகும், மேடம்?

இதைக் கேட்டதற்கு நன்றி, யாரும் கேட்பதில்லை. கவனிக்காவிட்டால் தள்ளுபடி வியாபாரி கைக்குப் போய், குறைந்த விலையில் இன்னொரு வீட்டுக்குப் போகும். அதனால் திருப்பி அனுப்புவதோடு விடாதீர்கள். மறுவிற்பனை கூடாது, அபாயக் கழிவாகவே அப்புறப்படுத்த வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி, அப்புறப்படுத்தியதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். சான்று வரும்வரை பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வையுங்கள்.